பழைய விலைகளை வைத்து பிட்காயின் சுழற்சியைக் கணிப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

பிட்காயின் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை உச்சம் தொட்டுச் சரியும் என்பது கிரிப்டோ பக்கம் எட்டிப் பார்த்த எல்லோருக்கும் தெரிந்த பேச்சு. டெலிகிராம் குழுக்களிலும் யூடியூபிலும் இதை வைத்துத் தேதி குறித்துச் சொல்பவர்களுக்குக் குறைவே இல்லை. அந்தப் பேச்சுக்குப் பின்னால் உண்மையான தரவு இருக்கிறது. ஆனால் தரவு தாங்கக்கூடிய எடையைவிடப் பல மடங்கு எடையை அதன்மேல் ஏற்றிவிடுகிறார்கள். பழைய விலைகளிலிருந்து மூன்று விஷயங்களைத்தான் எடுக்க முடியும்: சந்தை இப்போது சுழற்சியின் எந்தப் பகுதியில் இருக்கிறது, இங்கிருந்து எவ்வளவு விழ வாய்ப்புண்டு, நம் கணிப்பு தவறு என்று எப்போது ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த மூன்றையும் நீங்களே ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்கும் வழிதான் கீழே.

படி 1: தரவைச் சரியாக எடுங்கள்

முதல் சிக்கலே இங்கேதான். யாஹூ ஃபைனான்ஸில் பிட்காயின் விலை 2014 செப்டம்பரில்தான் தொடங்கும். காயின்மார்க்கெட்கேப்பில் 2013 ஏப்ரல் இறுதியிலிருந்து கிடைக்கும். இவற்றை மட்டும் வைத்தால் முதல் சுழற்சி முழுதாகவே காணாமல் போய்விடும். டிரேடிங்வியூவில் பிஎல்எக்ஸ் என்ற குறியீட்டைத் தேடினால் 2010 வரை பின்னால் போகலாம்.

டாலர் விலையையே எடுங்கள், ரூபாய் விலை வேண்டாம். காரணம் எளிது. 2021 நவம்பர் உச்சமான 69,000 டாலர் அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 51 லட்சம் ரூபாய். 2025 அக்டோபர் உச்சமான 1,26,000 டாலர் ஏறக்குறைய 1 கோடியே 12 லட்சம். டாலரில் பார்த்தால் 1.8 மடங்கு, ரூபாயில் பார்த்தால் 2.2 மடங்கு. அந்த வித்தியாசம் பிட்காயினின் வளர்ச்சி அல்ல, ரூபாயின் சரிவு.

இன்னொன்று, இந்தச் சந்தைக்கு மூடும் மணி கிடையாது. பெரும்பாலான தளங்கள் நம் நேரப்படி காலை 5.30 மணி விலையை அன்றைய முடிவு விலையாகக் கொள்கின்றன. வார முடிவு என்பது திங்கள் காலை 5.30. முடிவு விலையை வைத்துக் கணக்குப் போடுகிறீர்களா, நாளின் உச்ச விலையை வைத்தா என்பதை முதலிலேயே தீர்மானித்துவிட்டு அதிலேயே நில்லுங்கள்.

படி 2: லாக் ஸ்கேலுக்கு மாறுங்கள்

சாதாரண ஸ்கேலில் 2013 என்ற ஆண்டே கண்ணுக்குத் தெரியாது, தரையோடு ஒட்டிய கோடாகத்தான் இருக்கும். லாக் ஸ்கேலில் 100 டாலர் 200 ஆவதும் 50,000 டாலர் 1,00,000 ஆவதும் ஒரே உயரம். சுழற்சிகளை ஒன்றோடு ஒன்று ஒப்பிட வேறு வழியில்லை.

படி 3: உச்சங்களையும் அடிகளையும் (மிகக் குறைந்த விலைகளையும்) குறியுங்கள்

எக்ஸ்சேஞ்சுக்கு எக்ஸ்சேஞ்ச் சிறு வேறுபாடு உண்டு. தோராயமாக இவ்வளவு:

2011 ஜூன் உச்சம் 32 டாலர். அதே ஆண்டு நவம்பரில் அடி 2 டாலர். வீழ்ச்சி 93 சதவீதத்துக்கு மேல்.
2013 நவம்பர் இறுதி உச்சம் 1,150 டாலர். 2015 ஜனவரி 14 அடி 170 டாலர். வீழ்ச்சி 85 சதவீதம்.
2017 டிசம்பர் 17 உச்சம் 19,700 டாலர். 2018 டிசம்பர் 15 அடி 3,200 டாலர். வீழ்ச்சி 84 சதவீதம்.
2021 நவம்பர் 10 உச்சம் 69,000 டாலர். 2022 நவம்பர் 21 அடி 15,500 டாலர். வீழ்ச்சி 77 சதவீதம்.
2025 அக்டோபர் 6 உச்சம் 1,26,000 டாலர்.

இதை நிதானமாகப் பார்த்தாலே இரண்டு விஷயங்கள் தெரியும். ஒன்று, வீழ்ச்சியின் ஆழம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. இரண்டாவதுதான் முக்கியம்: ஏற்றம் அதைவிட வேகமாகக் குறைகிறது. அடியிலிருந்து அடுத்த உச்சம் வரை முதலில் 500 மடங்குக்கு மேல், பிறகு 115 மடங்கு, பிறகு 21, கடைசியாக 8. சென்ற சுழற்சியில் இத்தனை மடங்கு ஏறியது, இம்முறையும் அத்தனை ஏறும் என்று யாராவது சொன்னால், அவர் இந்த நான்கு எண்களைப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

அப்புறம், சுழற்சிக்குள்ளேயே நடக்கும் சறுக்கல்களையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். 2021 ஏப்ரலில் 64,800-க்குப் போன விலை ஜூலையில் 29,000 அருகே வந்து, நவம்பரில் புதிய உச்சம் தொட்டது. 2024 மார்ச்சில் 73,700-லிருந்து ஆகஸ்டில் 49,000. 2025 ஜனவரியில் 1,09,000-லிருந்து ஏப்ரலில் 75,000-க்கும் கீழே. ஒவ்வொரு முறையும் 'முடிந்தது கதை' என்ற கூச்சல் எழுந்தது, ஒவ்வொரு முறையும் விலை திரும்பியது. 30 சதவீத வீழ்ச்சி மட்டும் சுழற்சி முடிந்ததற்கான ஆதாரம் ஆகாது என்பதை உங்கள் கோப்பே சொல்லும்.

படி 4: ஹால்விங்கைச் சேருங்கள், ஆனால் அளவோடு

ஏறத்தாழ பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக், அதாவது பிட்காயின் பரிவர்த்தனைகளின் ஒரு தொகுப்பு, உருவாகிறது. 2,10,000 பிளாக்குகளுக்கு ஒருமுறை, அதாவது சுமார் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, கணினிகளைக் கொண்டு பிளாக்குகளை உருவாக்கும் மைனர்களுக்குக் கிடைக்கும் புதிய நாணயங்கள் பாதியாகும். இதுதான் ஹால்விங். 2012 நவம்பர் 28, 2016 ஜூலை 9, 2020 மே 11, 2024 ஏப்ரல் 20 என்று இதுவரை நான்கு முறை நடந்திருக்கிறது. இந்தத் தேதிகளில் சார்ட்டின் மேல் செங்குத்துக் கோடு போடுங்கள்.

வரத்து குறைந்தால் விலை ஏறும் என்ற வாதத்தில் தவறில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் அதன் பலம் குறைந்துகொண்டே வருகிறது. 2012-ல் ஒரு நாளைக்கு 7,200 நாணயங்கள் 3,600 ஆயின. அப்போது உலகில் இருந்த மொத்தமே 1 கோடியே 5 லட்சம். 2024-ல் 900 நாணயங்கள் 450 ஆயின. இருந்தவையோ ஏறத்தாழ 1 கோடியே 97 லட்சம். இதோடு இன்னொரு எண்ணையும் வைத்துப் பாருங்கள். அமெரிக்காவில் 2024 ஜனவரி 10 அன்று ஸ்பாட் ஈடிஎஃப்களுக்கு, அதாவது பிட்காயினையே வாங்கி வைத்திருந்து பங்குச் சந்தையில் விற்கப்படும் நிதிகளுக்கு, அனுமதி கிடைத்தது. அந்த மார்ச்சில் ஒரே நாளில் 100 கோடி டாலருக்கு மேல் அவற்றுக்குள் நுழைந்தது. அன்றைய விலையில் அது ஏறத்தாழ 14,000 நாணயம். மைனர்கள் அன்று உற்பத்தி செய்தது 900. விலையை யார் நகர்த்தினார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மார்ச் உச்சம்தான் வரலாற்றிலேயே முதல்முறையாக ஹால்விங்குக்கு முன்பே பழைய உச்சத்தைத் தாண்டிய உச்சம்.

என் கருத்து, ஹால்விங் இனி ஒரு நாட்காட்டிக் குறி மட்டுமே. பலர் அதை நம்புவதால் அதற்கு ஒரு பலம் இருக்கிறது. அந்த நம்பிக்கை தேய்ந்தால் பலமும் தேயும்.

படி 5: நாட்களை எண்ணுங்கள், அதிலுள்ள பொறியையும் பாருங்கள்

இப்போது தேதிகளைக் கழித்துப் பாருங்கள். ஹால்விங்கிலிருந்து உச்சம் வரை 2013-ல் ஏறத்தாழ 370 நாள், அதன் பிறகு 526, 548, 534. உச்சத்திலிருந்து அடி வரை ஏறத்தாழ 410, 363, 376. அடியிலிருந்து அடுத்த உச்சம் வரை 1068, 1061, 1050.

கடைசி மூன்று எண்களைப் பார்த்ததும் யாருக்கும் மயக்கம் வரும். மூன்று சுழற்சி, ஆயிரம் நாளுக்கு மேல், வித்தியாசம் வெறும் 18 நாள். இதை நம்பி 2025 அக்டோபரை எதிர்பார்த்தவர்களுக்குப் பலனும் கிடைத்தது.

சரி, இப்போது ஒரே ஒரு தேதியை மாற்றிப் பாருங்கள். 2021-ல் இரண்டு உச்சங்கள் இருந்தன: ஏப்ரல் 14, நவம்பர் 10. விலையில் நவம்பர் 6 சதவீதம்தான் அதிகம். புதிதாக வந்தவர்களின் ஆர்வம், இணையத் தேடல், முதலீட்டாளர்களின் ஏட்டு லாபம் ஆகியவற்றை வைத்துப் பார்த்தால் ஏப்ரல்தான் உண்மையான கொதிநிலை. அமெரிக்க கிரிப்டோ எக்ஸ்சேஞ்சான காயின்பேஸ் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டதும் அதே ஏப்ரல் 14-ல்தான். ஏப்ரலை உச்சமாக எடுத்தால் அடியிலிருந்து 851 நாள், ஹால்விங்கிலிருந்து 338 நாள். அழகான அந்த ஒழுங்கு அப்படியே கலைந்துவிடும். அதாவது அந்த 18 நாள் துல்லியத்தில் ஒரு பங்கு, எல்லாம் முடிந்த பிறகு எந்தப் புள்ளியைத் தேர்ந்தெடுத்தோம் என்பதிலிருந்து வருகிறது. ஏப்ரல் 14 அன்று திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவருக்கு நவம்பர் ஒன்று வரப்போவது தெரியாது.

ஆகவே நாள் கணக்கை ஒரு தேதியாகச் சுருக்காதீர்கள். மாதங்களின் வரம்பாக மட்டுமே எழுதுங்கள்.

படி 6: இரண்டு மூன்று குறிகாட்டிகள் போதும்

இருபது குறிகாட்டிகளை அடுக்குபவர் கடைசியில் தனக்குப் பிடித்ததை மட்டும்தான் பார்ப்பார். நான் மூன்றைத்தான் பரிந்துரைப்பேன்.

முதலாவது மேயர் மல்டிபிள். இன்றைய விலையை 200 நாள் சராசரியால் வகுங்கள், அவ்வளவுதான். ஸ்ப்ரெட்ஷீட்டில் ஒரு நெடுவரிசையில் கடைசி 200 முடிவு விலைகளின் ஆவரேஜ், அடுத்ததில் வகுத்தல். 2.4-க்கு மேல் போனால் சந்தை சூடாகிவிட்டது என்பது பழைய விதி.

இரண்டாவது 200 வார சராசரி. 2015-லும் 2018-லும் விலை இதன் அருகில்தான் அடி கண்டது. 2020 மார்ச் 12, 13 தேதிகளில், கொரோனா பீதியில் பாதி விலை கரைந்தபோதும் இதன் பக்கத்தில்தான் நின்றது. 'இதற்குக் கீழே போகவே போகாது' என்று எல்லோரும் நம்பத் தொடங்கியதும் 2022 ஜூனில் உடைந்தது. பல மாதங்கள் கீழேயே கிடந்தது.

மூன்றாவது எம்விஆர்வி. ஒவ்வொரு நாணயமும் கடைசியாகக் கைமாறிய விலையை எல்லாம் கூட்டினால் முதலீட்டாளர்களின் மொத்த வாங்கல் மதிப்பு கிடைக்கும். சந்தை மதிப்பை அதால் வகுத்தால் எம்விஆர்வி. இது 1-க்குக் கீழே போனால், சராசரி முதலீட்டாளர் நஷ்டத்தில் இருக்கிறார் என்று பொருள். 2015, 2018, 2022 அடிகளில் மூன்று முறையும் 1-க்குக் கீழே போனது. இதை நீங்களே கணக்கிட முடியாது. கிளாஸ்நோட், காயின் மெட்ரிக்ஸ் போன்ற தளங்களில் சார்ட் கிடைக்கும். மூன்றில் எனக்கு அதிக மதிப்பு இதன்மேல்தான். ஏனென்றால் இது கோட்டின் வடிவத்தைப் பார்ப்பதில்லை, வாங்கியவர்களின் நிலையைப் பார்க்கிறது.

படி 7: பார்க்காத சுழற்சியில் சோதியுங்கள்

பெரும்பாலானோர் தாண்டிப் போகும் படி இது. வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரமுண்டு என்றால் இதைச் செய்யுங்கள்.

2017 டிசம்பர் வரையிலான தரவை மட்டும் வைத்து ஒரு விதியை எழுதுங்கள். பிறகு அதை மாற்றாமல் 2018-க்குப் பிந்தைய விலைகளில் ஓட்டிப் பாருங்கள். மேயர் மல்டிபிளையே எடுத்துக்கொள்வோம். 2.4-க்கு மேல் போனால் விற்க வேண்டும் என்பது விதி. 2013, 2017 உச்சங்களின்போது விகிதம் 2.4-க்கு மேலேதான் இருந்தது. 2021-ல் ஜனவரியிலேயே, 40,000 டாலரைத் தொட்ட நாட்களில், 2.4-ஐத் தாண்டிவிட்டது, விற்றவர் பிறகு 64,000 வரை வேடிக்கை பார்த்திருப்பார். நவம்பர் உச்சத்தில் அது வெறும் 1.5 அளவில்தான் இருந்தது. 2024, 2025 இரண்டு ஆண்டுகளிலும் 2.4 வரவே இல்லை. 1,26,000 டாலர் உச்சத்தன்று விகிதம் 1.2-ஐ ஒட்டித்தான் இருந்தது. விதியை நம்பி விற்கக் காத்திருந்தவருக்கு சமிக்ஞையே கிடைத்திருக்காது. சந்தை பெரிதாகி ஏற்ற இறக்கம் அடங்க அடங்க, பழைய எல்லைக்கோடு எட்டாத உயரத்துக்குப் போய்விடுகிறது.

பை சைக்கிள் டாப் என்ற குறிகாட்டியும் அப்படித்தான். 111 நாள் சராசரி, 350 நாள் சராசரியின் இரு மடங்கைக் கீழிருந்து வெட்டினால் உச்சம் என்பது அதன் விதி. 2021 ஏப்ரலில் உச்சத்துக்கு ஓரிரு நாள் முன்பே மிகச் சரியாகக் கை காட்டியது. அந்த ஒரு வெற்றியில் புகழ் ஏறியது. நவம்பர் உச்சத்தில் வாயே திறக்கவில்லை.

எல்லாவற்றையும்விடப் பாடமாக நிற்பது பிளான்பி என்ற புனைபெயரில் எழுதுபவரின் ஸ்டாக் டு ஃப்ளோ மாடல். 2019 மார்ச்சில் வெளியானது. ஹால்விங்கை மையமாக வைத்து விலையைக் கணித்தது. 2021 ஜூனில் அவர் இன்னொரு பட்டியலையும் கொடுத்தார். மோசமான சூழ்நிலையிலும் மாத முடிவு விலை இதற்குக் குறையாது என்று ஆகஸ்டுக்கு 47,000, செப்டம்பருக்கு 43,000, அக்டோபருக்கு 63,000, நவம்பருக்கு 98,000, டிசம்பருக்கு 1,35,000. ஆகஸ்ட் 47,100 அளவில் முடிந்தது. செப்டம்பர் 43,800 அளவில். இணையமே அதிர்ந்தது. அக்டோபர் 61,000-ஐச் சற்றுத் தாண்டியபோது 'ரவுண்டாகப் பார்த்தால் சரிதானே' என்றார்கள். நவம்பர் 57,000-ல் முடிந்தது, டிசம்பர் 46,000-ல். இரண்டு மாதம் துல்லியமாகப் பலித்ததைப் பார்த்து மூன்றாவது மாதம் பணத்தைக் கொட்டியவர்கள்தான் இதில் அடிபட்டவர்கள். ஒரு கணிப்பு இரண்டு முறை பலிப்பது அதன் காரணம் சரி என்பதற்குச் சான்று ஆகாது. நம்மிடம் இருப்பதே நான்கு முழுச் சுழற்சிதான். நான்கு புள்ளிகள் வழியாக எந்தக் கோட்டை வேண்டுமானாலும் வரையலாம்.

படி 8: பணத்தின் விலையைப் பக்கத்தில் வையுங்கள்

பிட்காயின் சார்ட்டுக்குக் கீழே அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் வட்டி விகிதத்தைப் போடுங்கள். 2018-ல், கரடிச் சந்தை எனப்படும் சரிவு ஆண்டில், ஃபெட் நான்கு முறை வட்டி உயர்த்தியது. 2020 மார்ச்சில் பூஜ்யத்துக்கு அருகே இறக்கியது, அதன் பிறகே பெரும் காளை ஓட்டம், அதாவது தொடர் ஏற்றம். 2022 மார்ச்சில் மறுபடி உயர்த்தத் தொடங்கி ஆண்டு முடிவில் 4.25 முதல் 4.5 சதவீதம் வரை கொண்டுவந்தது. அதே ஆண்டில்தான் மே மாதம் டெர்ரா லூனா என்ற கிரிப்டோ நாணயம் சரிந்தது, நவம்பர் 11 அன்று எஃப்டிஎக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் திவாலானது. நான்கு ஆண்டுச் சுழற்சி என்று நாம் அழைப்பதில் எவ்வளவு ஹால்விங், எவ்வளவு டாலர் புழக்கம் என்று பிரித்தெடுக்க நான்கு சுழற்சி போதாது. இரண்டும் ஒரே திசையில் இருந்தால் கணிப்பில் நம்பிக்கை கூடலாம். எதிரெதிராக இருந்தால் குறைத்துக்கொள்ளுங்கள்.

படி 9: ஆல்ட்காயின்களுக்கு (பிட்காயின் அல்லாத நாணயங்களுக்கு) அப்படியே பொருத்தாதீர்கள்

எதீரியம் 2018 ஜனவரியில் 1,400 டாலரைத் தாண்டி, அந்த டிசம்பரில் 83 டாலர் அளவுக்கு வந்தது. வீழ்ச்சி 94 சதவீதம். அது மீண்டது. 2017-ல் ஐசிஓ மூலம், அதாவது புதிய நாணயத்தைப் பொதுமக்களுக்கு விற்று, பணம் திரட்டிய நாணயங்களில் ஏராளமானவை மீளவே இல்லை. பிட்காயினுக்கு நாம் எழுதும் வரலாறு பிழைத்த ஒன்றின் வரலாறு. செத்துப்போனவற்றின் சார்ட்டை யாரும் எடுத்துக் காட்டுவதில்லை.

படி 10: கணிப்பை எழுதுங்கள், தோற்கும் நிபந்தனையோடு

வாயால் சொன்ன கணிப்பு நாளுக்கு நாள் உருமாறும். தேதி போட்டு எழுதுங்கள். 2025 அக்டோபர் உச்சத்தை வைத்து ஒரு மாதிரி:

'1,26,000 டாலர்தான் இந்தச் சுழற்சியின் உச்சம் என்று எடுத்துக்கொள்கிறேன். கடந்த மூன்று சுழற்சிகளில் உச்சத்திலிருந்து அடிக்கு 363 முதல் 410 நாள். அப்படியானால் அடிக்கான காலம் 2026 அக்டோபர், நவம்பரை ஒட்டி. முன்பின் மூன்று மாதம் தள்ளிப் போகலாம். வீழ்ச்சியின் ஆழம் குறைந்துவருவதால் 60 முதல் 75 சதவீதம் என்று வைக்கிறேன்; விலையில் 50,000 முதல் 31,000 வரை. எம்விஆர்வி 1-க்குக் கீழே போனால் நம்பிக்கை கூடும். அந்தக் காலத்துக்குள் 1,26,000-ஐ வார முடிவில் தாண்டினால் என் கணிப்பு தவறு; நான்கு ஆண்டு முறை உடைந்ததாகக் கொள்வேன்.'

இதில் கடைசி வாக்கியம் இல்லையென்றால் மீதி எதற்கும் மதிப்பில்லை.

படி 11: கணிப்பைத் தொகையாக மாற்றுங்கள்

ஒரே நாளில் எல்லாவற்றையும் வாங்கவோ விற்கவோ கணிப்பைப் பயன்படுத்தாதீர்கள். மாதாமாதம் போடும் தொகையை மாற்ற மட்டும் பயன்படுத்துங்கள். எம்விஆர்வி 1-ஐ நெருங்கும்போது தொகையைக் கூட்டலாம், பழைய உச்சத்தைத் தாண்டி ஓடும்போது குறைக்கலாம் அல்லது நிறுத்தலாம். முழுதும் போனாலும் வீட்டுச் செலவும் கடன் தவணையும் பாதிக்காத பணமாக இருக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை. 77 சதவீத வீழ்ச்சி என்றால் 1 லட்சம் ஓர் ஆண்டில் 23,000 ஆகிவிடுவது.

லெவரேஜ், அதாவது கடன் வாங்கி வர்த்தகம் செய்வது, வேண்டவே வேண்டாம். ஐந்து மடங்கு லெவரேஜில் 20 சதவீதச் சறுக்கலே கணக்கைத் துடைத்துவிடும். காளைச் சந்தையிலேயே 30 சதவீதச் சறுக்கல்கள் வருவதை மூன்றாம் படியில் பார்த்தோம். 2025 அக்டோபர் 10 அன்று, புதிய உச்சம் வந்து நான்கே நாளில், சந்தை முழுவதும் ஏறத்தாழ 1,900 கோடி டாலர் மதிப்புள்ள கடன் நிலைகள் ஒரே நாளில் வலுக்கட்டாயமாக மூடப்பட்டன. திசையைச் சரியாகக் கணித்தவர்களும் அதில் உண்டு.

இந்தியாவில் இருப்பவர்கள் வரியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன்மேல் செஸ். அந்த ஜூலை முதல் விற்பனைத் தொகையில் 1 சதவீத டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே பிடிக்கப்படும் வரி. ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றில் வந்த லாபத்தோடு கழிக்க முடியாது, அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது. பிட்காயினில் 1 லட்சம் லாபம், எதீரியத்தில் 1 லட்சம் நஷ்டம் என்றால் கையில் வந்தது எதுவுமில்லை. வரி மட்டும் 31,200 ரூபாய். ஆண்டுக்குப் பத்து முறை உள்ளே வெளியே போகச் சொல்லும் எந்த விதியும் இந்தக் கணக்கில் தாக்குப்பிடிக்காது. ஆகவே நீங்கள் சோதித்த விதி ஒவ்வொன்றின் பலனையும், வரி கழித்த பிறகு என்ன மிஞ்சுகிறது என்று தனி நெடுவரிசையில் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.